கார் லைசென்ஸில் பஸ் அளவு கேரவன் ஓட்டலாமா?

12 அக்டோபர் 2024

தாராபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, பழைய காலேஜ் பஸ் ஒண்ணு விலைக்கு வருதுங். சீட்டெல்லாம் கழட்டிப்போட்டு படுக்கை, அடுப்பு, கக்கூஸ் வெச்சு கேரவன் ஆக்கலாம்னு இருக்கறேன். சொந்தத்துக்குத்தான், வாடகைக்கு இல்லீங். எங்கிட்ட கார் லைசென்ஸ் இருக்குது. அமெரிக்காவுல எழுவது வயசுப் பெரியவங்க கார் லைசென்ஸ்லயே நாப்பதடி வண்டி ஓட்டறாங்களாமா. சொந்த வண்டிக்கு அதுவே போதும்னு பட்டறையிலயும் சொல்றாங்க. செரிதானுங்களா?"

செரியில்லை.

நேற்று ஆயுத பூஜை. மூன்று வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்த அலுப்பு இன்னும் இருக்கிறது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இலகு ரகம் என்றால் 7,500 கிலோ வரைதான். நீங்கள் அனுப்பிய ஆர்.சி.யில் மொத்த எடை 9,600 என்று இருக்கிறது. ஹெவி (கனரக) லைசென்ஸ் எடுங்கள்.

13 அக்டோபர்

"ஆர்.சி.யில 9,600 இருந்தாலும் வண்டி வெறுசா நிக்கறப்ப ஆறு டன்தானுங்களே" என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைச் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடை, வண்டி லோடோடு சேர்த்து எவ்வளவு வரை தாங்கலாம் என்று கம்பெனி சொன்ன கணக்கு. இன்றைக்கு எடைமேடையில் ஏற்றினால் எவ்வளவு காட்டுகிறது என்பது வேறு. லைசென்ஸுக்குப் பார்ப்பது முதல் கணக்கைத்தான்.

(இதைப் பிறகு திருத்த வேண்டியிருந்தது. கீழே பாருங்கள்.)

15 அக்டோபர்

சங்ககிரியில் லோடு புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் பங்காளி ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் போட்டுவிட்டார். "ஏப்பா, ரெண்டாவது பிரிவை முழுசாப் படிச்சயா, இல்ல லாரிக்காரன் கண்ணுலயே படிச்சயா?" என்றார். லாரிக்காரன் கண்ணில்தான் படித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். இலகு ரகம் என்பதற்குச் சட்டம் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கும் (சரக்கு, வாடகை வண்டி போன்றவை) ஆம்னிபஸ்ஸுக்கும் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டார் காருக்கோ வெறும் வண்டியின் எடை 7,500-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். மோட்டார் கார் என்றவுடன் நம் மனதில் வருவது மாருதி. சட்டத்துக்கு அப்படியில்லை. டிரான்ஸ்போர்ட் வண்டி, ஆம்னிபஸ், ரோடுரோலர், டிராக்டர், மோட்டார் சைக்கிள், மாற்றுத்திறனாளி வண்டி இதில் எதுவும் இல்லாமல் மீதி நிற்பதெல்லாம் மோட்டார் கார்தான்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை (நம் கேரவன்தான்) மத்திய அரசின் 2004 அறிவிப்பு டிரான்ஸ்போர்ட் அல்லாத பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே அது டிரான்ஸ்போர்ட் இல்லை. ஆம்னிபஸ்ஸா? டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டியதோ மாற்றியதோதான் ஆம்னிபஸ். அப்படியானால் ஆறு பேர் மட்டும் போகிற சொந்தக் கேரவன், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், மோட்டார் கார். வெறும் எடை 7,500-க்குள் இருந்தால் கார் லைசென்ஸே போதும் என்றுதான் வருகிறது.

ஆக, நான் 13-ம் தேதி அவ்வளவு உறுதியாகச் சொன்னது பாதிதான் சரி. பட்டறைக்காரர் சொன்னதும் பாதி சரி. ஆனால் அவர் இதையெல்லாம் படித்துவிட்டுச் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை.

15 அக்டோபர், ராத்திரி

டிரைவர் சீட்டு போக ஏழாவது சீட்டு ஒன்றைப் போட்டால் அதே வண்டி ஆம்னிபஸ். உடனே மொத்த எடைக் கணக்கு வந்துவிடும், 9,600, ஹெவி. ஒரு சீட்டில் லைசென்ஸ் மாறுகிறது! தம்பி, உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

16 அக்டோபர்

பதில் வந்துவிட்டது. அவர், சம்சாரம், இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா, அத்தை, அப்புறம் 81 வயது அம்மிச்சி. ஓட்டுகிறவர் போக ஏழு. "அம்மிச்சிய உட்டுட்டுப் போனா ஆறுதானுங். ஆனா வண்டி வாங்கறதே அம்மிச்சிக்குப் பழனி, திருச்செந்தூர் காட்டத்தானுங்களே."

இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சீட்டைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டால் வண்டி கார் ஆகிவிடாது. 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதைக் கறாராகச் சொன்னது. மாற்ற வேண்டும் என்றால் முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது நடக்கும்வரை அது காலேஜ் பஸ்தான். ரோட்டில் கைகாட்டி நிறுத்துகிறவர் ஆர்.சி.யைத்தான் பார்ப்பார், உங்கள் மெத்தையைப் பார்க்கமாட்டார். எங்கள் அப்பாரு காலத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றாலே ஊரில் பாதி லாரி மாந்தோப்புக்குள் ஒளிந்துகொள்ளும். இப்போது ஒளிய இடமில்லை, எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது.

20 அக்டோபர்

அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். தம்பி சொன்னது பொய்யில்லை. 2019-ல் மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் 38 அடி வண்டி வைத்திருந்தார். முன்னாள் கணக்கு வாத்தியார், கையில் சாதாரண கார் லைசென்ஸ். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் டேங்கர் ஓட்டினவன், என்னையே பேட்ஜ், எப்.சி., மெடிக்கல் என்று எத்தனை கதவு தட்டவிட்டார்கள், இவருக்கு மட்டும் எப்படி?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

அந்த மாநிலத்தில் வீட்டுவண்டிக்கு நீளத்தைப் பார்க்கிறார்கள். 40 அடி வரை சாதாரண சி வகுப்பு. 40-க்கு மேல் 45 வரை என்றால் வணிகமல்லாத பி வகுப்பு என்று தனியாக ஒன்று எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். டெக்சாஸில் கணக்கே வேறு. அங்கே எடை, 26,000 பவுண்டுதான் எல்லை, நம் கணக்கில் கிட்டத்தட்ட 11,800 கிலோ. அதைத் தாண்டினால் சொந்த வண்டியானாலும் பி வகுப்பு வேண்டும். ஒரே நாட்டில் ஒரு மாநிலம் டேப்பு பிடிக்கிறது, இன்னொன்று தராசு பிடிக்கிறது.

இங்கிலாந்தில் பிறந்தநாளும் தேர்வு எழுதிய நாளும் முக்கியம். சாதாரண பி லைசென்ஸ் 3,500 கிலோ வரை. அதற்கு மேல் 7,500 வரை சி1. ஆனால் 1997 ஜனவரி 1-க்கு முன்னால் கார் தேர்வு பாஸானவர்களுக்கு சி1 சும்மாவே சேர்ந்து வந்துவிட்டது, எழுபது வயது வரை. அதனால் அங்கே தாத்தா பெரிய வண்டியை ஓட்டுவார், பேரன் பக்கத்தில் உட்கார்ந்து மேப் பார்ப்பான். எழுபது வந்ததும் தாத்தா தானாக எழுதிக் கேட்டால்தான் தொடரும்.

வெளிநாடு போய் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 4ஏ கொடுத்து வாங்கும் சர்வதேச பெர்மிட்டுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அதில் பி கட்டம் என்றால் 3,500 கிலோ, டிரைவர் போக எட்டு சீட்டு. அதோடு சரி. இங்கே 7,500 ஓட்டுகிறேனே என்று அங்கே போய்ச் சொன்னால் கேட்க ஆளில்லை.

2 நவம்பர்

தீபாவளி லீவில் கரூர் போகிற வேலை இருந்தது. தம்பியின் பஸ் அங்கே ஒரு பாடி கட்டும் பட்டறையில்தான் நிற்கிறது என்றார். போய்ப் பார்த்துவிட்டேன்.

பட்டறையில் ஆள் இல்லை, வெல்டிங் சத்தம் இல்லை, பட்டாசுக் குப்பை மட்டும். பஸ்ஸின் உள்ளே சீட்டு எல்லாம் போய், தரையில் போல்ட் ஓட்டைகள் வரிசையாக. ஜன்னலோரம் ஒரு இடத்தில் "மெக் 3-ம் வருடம்" என்று காம்பஸால் கீறியிருக்கிறது. தம்பி அதை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விடச் சொல்லியிருக்கிறாராம்.

ஓட்டிக்கொண்டு போய் எடைமேடையில் ஏற்றினோம். ஓட்டினது நான்தான், லைசென்ஸ் உள்ளவன். இறங்கி நின்று எடைச் சீட்டு வாங்கினால் 5,640 கிலோ. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து அந்த எடைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். கட்டிலும் அலமாரியும் பிளைவுட்டில், கூரையில் ஏ.சி., பேட்டரி நான்கு, இன்வெர்ட்டர், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு மேடைக்கு கிரானைட் (கிரானைட்டா? ஆமாம், அம்மா கேட்டாராம்). எல்லாம் கூட்டி 6,900-க்குப் பக்கம் வந்தது. பல் கொஞ்சம் மறைந்தது. வெறும் எடை என்றாலும், வழக்கமாக வண்டியோடு வேலைக்கு இருக்கிற சாமான் எல்லாம் அதில் சேரும். டிரைவரின் எடை மட்டும் சேராது. கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு எடை காட்டுகிற வேலையெல்லாம் ஆகாது. 7,500-க்கு இன்னும் 600 கிலோ மிச்சம் என்று ஆடவும் வேண்டாம், நம் வீட்டுப் பெண்கள் ஒரு பயணத்துக்கு எடுத்துவைக்கும் பாத்திரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒன்று. 400 லிட்டர் என்றால் 400 கிலோ. முழுசாக இருந்தால் பரவாயில்லை, காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பாதியில்தான் வம்பு. நான் பத்து வருஷம் டேங்கர் ஓட்டினேன். பாதித் தொட்டியோடு பிரேக் அடித்தால் வண்டி நின்ற பிறகு உள்ளே இருக்கிறது வந்து முதுகில் இடிக்கும், பின்னால் யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி. தொட்டிக்குள் குறுக்கே ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையாட்டினார். வைத்தாரா என்று பார்க்க வேண்டும்.

7 நவம்பர்

கார் லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாமா என்ற வழக்கில் நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு. காலையிலிருந்து எனக்கு வந்த வாட்ஸ்அப் எல்லாம் "இனி கார் லைசென்ஸில் லாரி ஓட்டலாம்" என்று. அப்படிச் சொல்லவில்லை.

2017-ல் மூன்று நீதிபதிகள் சொன்னதுதான் உறுதியாகியிருக்கிறது. எல்.எம்.வி. (இலகு ரக) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கிற டிரான்ஸ்போர்ட் வண்டியைத் தனியாக அனுமதி எழுதி வாங்காமல் ஓட்டலாம். அதற்கு மேல் போகிற மீடியம், ஹெவிக்குப் பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. வருஷக்கணக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் "டிரைவருக்கு டிரான்ஸ்போர்ட் எழுதவில்லை, பணம் தரமுடியாது" என்று கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த சண்டை முடிந்தது. குட்டியானை, டிராவலர் ஓட்டுகிற பையன்களுக்கு நல்லது.

தம்பிக்கு? டிராவலர் அளவில் கேரவன் கட்டியிருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது. அவர் எடுத்தது 9,600.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. நான் 1992-ல் ஹெவி எடுத்தபோது சரக்குக்குத் தனி, பயணிகளுக்குத் தனி. 1994 நவம்பரில் எல்லாவற்றையும் டிரான்ஸ்போர்ட் என்று ஒரே சொல்லில் சுருட்டினார்கள். அந்தச் சுருட்டலில் வந்த குழப்பத்தைத்தான் முப்பது வருஷம் கழித்துப் பிரித்தார்கள். இப்போதும் ஒரு முடிச்சு பாக்கி: டிரான்ஸ்போர்ட்டும் இல்லாத, இலகு ரகமும் இல்லாத சொந்த வண்டி. தம்பியின் எட்டு சீட்டுக் கேரவன் அதுதான். சட்டத்தின் பத்தாவது பிரிவுப் பட்டியலில் கடைசியாக 'குறிப்பிட்ட வகை மோட்டார் வாகனம்' என்று ஒரு வரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர் வாதாடட்டும். என் யோசனை, டிரான்ஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், எந்தப் பக்கம் புரட்டினாலும் நிற்கும். பேட்ஜ் வேண்டாம், அது வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்கு.

8 நவம்பர்

ஒருவர் திட்டியிருக்கிறார்: "மெத்தை போட்ட வண்டிக்கு இத்தனை சட்டமா? திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரன் இந்தியா பூரா சுத்தறான்." சுற்றுகிறான், கையில் ஹெவியோடு.

19 நவம்பர்

எடை, எடை என்று நானே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். உண்மையில் மாட்டிவிடுவது நீளம்தான். என் கதையைச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

1998. ஆறு வருஷம் லாரி ஓட்டின தெனாவெட்டு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு பெரிய பஸ், டிரைவருக்குக் காய்ச்சல், "நான் ஓட்டறேன்" என்று ஏறிவிட்டேன். காங்கயம் பக்கம் ஒரு மண்டபம். விட்டு வெளியே வரும்போது இடப்பக்கம் திருப்ப வேண்டும். முன்பக்கம் சுத்தமாகத் திரும்பிவிட்டது, இடப்பக்கக் கண்ணாடியில் சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அப்போது வலப்பக்கம், பின்னால், 'டம்' என்று ஒரு சத்தம். கெட்டிமேளம் என்று நினைத்தேன். மேளக்காரரின் தவில்தான், ஆனால் அடித்தது அவரில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த தவிலை பஸ்ஸின் வால் போய்த் தட்டியிருக்கிறது.

லாரியில் எனக்கு வால் அவ்வளவு கிடையாது. பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி, முன்பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் 60 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அச்சுத்தூரம் 6 மீட்டர் என்றால் 3.6 மீட்டர் வால். முன்பக்கம் இடப்புறம் போனால் வால் வலப்புறம் வீசும். நீங்கள் இடப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தவிலுக்கு ஆயிரத்து இருநூறு கொடுத்தேன். என் கையில் ஹெவி லைசென்ஸ் இருந்தது, சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

அதனால் அந்தக் கலிபோர்னியா வாத்தியாரை இப்போது அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். வாங்கின முதல் மாசம் முழுக்க, காலியான கடை பார்க்கிங்கில் ஆரஞ்சுக் கூம்பு வைத்துத் திருப்பிப் பழகினாராம். எந்தச் சட்டமும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

17 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல் எல்லாம் முடிந்தது. தம்பி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அவர் நடந்த வழியைச் சொல்கிறேன். இருபது வயது முடிந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் டிரான்ஸ்போர்ட்டுக்கு எல்.எல்.ஆர். தருவார்கள். டாக்டரிடம் படிவம் 1ஏ. டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்ததற்குப் படிவம் 5. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத் தேர்வு. எட்டாம் வகுப்பு சர்டிபிகேட் 2019-லேயே எடுத்துவிட்டார்கள், பழைய ஏஜெண்டுகள் இன்னும் கேட்டால் கொடுக்க வேண்டாம். டிரான்ஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம், முன்பு மூன்றாக இருந்தது. கார் பகுதியின் தேதி தனியாக ஓடும், அது குறையாது. இதைத்தான் தம்பி மூன்று தடவை கேட்டார்.

கூடவே அவர் சம்சாரமும் "நானும் ஓட்டறேன்" என்று கிளம்பியிருக்கிறார். அம்மணி கார் லைசென்ஸ் வாங்கிப் பத்து மாசம்தான் ஆகிறது. மார்ச் வரை பொறுக்க வேண்டும். "அதுக்குள்ள இவரு ஓட்டிப் பழகி, எனக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு உயிரை வாங்குவாரு" என்று வருத்தம்.

23 பிப்ரவரி

தம்பி பாஸ். ஆர்.சி.யிலும் மாற்றம் ஏறிவிட்டது. எட்டு சீட்டு, டிரைவரோடு சேர்த்து. அம்மிச்சிக்கு ஜன்னல் சீட்டு.

தடுப்புத் தகடு வைக்கவில்லை. நான் நினைத்தேன். மறுபடி பட்டறைக்கு.

9 மார்ச்

எங்கே போகலாம் என்று கேட்கிறார். திம்பம் வழியாக மைசூர் என்று மனசில் இருக்கிறது போல. 27 கொண்டை ஊசி. முதல் பயணத்துக்கு வேண்டாம். ராத்திரிப் போக்குவரத்துக்கு 2022-லிருந்து கட்டுப்பாடும் இருக்கிறது, செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு "இது வணிக வண்டி இல்லீங், வீடுங்" என்று விளக்கவேண்டிவரும். கொல்லிமலை 70 வளைவு, வாயே திறக்க வேண்டாம். வால்பாறை 40. பழனிக்குப் போங்கள், அடிவாரம் வரை சமதரை.

16 மார்ச்

போன் வந்தது. குரலிலேயே தெரிந்துவிட்டது.

பழனிக்குப் போய்ச் சேரவில்லை, தாராபுரத்தையே தாண்டவில்லை. அம்மிச்சி தேங்காய் உடைத்து, எல்லோரும் ஏறி, தோட்டத்து வாசலைத் தாண்டி இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. வலப்பக்கத்து கேட்டுத் தூண் அடியோடு சாய்ந்துவிட்டது. வண்டிக்குப் பின்மூலையில் ஒரு அடி தகடு கிழிந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மிச்சி உள்ளே இருந்து, "ஏங் கண்ணு, பழனி வந்துருச்சா?" என்று கேட்டாராம்.

கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார். தூணை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.